சிவப்புத் துணி கட்டிய கொம்பு

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் மொட்டை மாடியில் புத்தகம் படிக்கக் கூடும் பிள்ளைகளே, காலாண்டு விடுமுறையில் நாங்கள் குந்தாவுக்குப் போய்வந்த கதையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். எங்காவது பாடம் நடத்துவது போல இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருப்பூரில் இருந்து கிளம்பினோம். நான், ஏழாவது படிக்கும் மகள் யாழினி, மூன்றாவது படிக்கும் மகன் கவின். வண்டி நம் தெரு முருகேசுவுடையது, ஓட்டியதும் அவன்தான். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வாடகை, டீசல் எங்கள் செலவு. ஊட்டிப் பக்கம் மலையில் இருக்கும் குந்தாவில், மின்வாரியக் குடியிருப்பில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். அவருக்குக் கண் அறுவை நடந்திருந்ததால் மனைவி ஒரு வாரம் முன்பே துணைக்குப் போயிருந்தாள். பெரியம்மாவைப் பார்க்கவும் அம்மாவைக் கூட்டி வரவும்தான் இந்தப் பயணம்.

அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் யாழினி எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். விடுமுறை முடிந்ததும் பள்ளியில் பட்டிமன்றம். ‘சமுதாயத்தை ஒழுங்காக வைத்திருப்பது தனிமனித சுதந்திரமா, சட்டத்தின் கட்டுப்பாடா?’ என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்குச் சுதந்திரம் விழுந்திருந்தது.

“பாவம், தோக்கற பக்கம் கெடச்சிருக்குது உனக்கு” என்றேன்.

“ஏம்ப்பா?”

“சட்டமில்லீன்னா ஒருத்தன் ஒழுங்கா நடப்பானா? நம்ம ஊர் சிக்னல்ல போலீஸ்காரர் டீ குடிக்கப் போன அஞ்சு நிமிசம் பாத்திருக்கறயா?”

முருகேசு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மலை அடிவாரச் சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டினோம். ஒரு பெண் காவலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, பின் சீட்டில் இருந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டார். மலையில் அந்த மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். கவினுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

“நான் அதக் கீழ போடவே மாட்டனே. திருப்பி ஊட்டுக்கே கொண்டு போயிருப்பேன். அப்புறம் ஏன் என்னுது எடுக்கறாங்க?”

நியாயமான கேள்வி. “எல்லாரும் உன்னாட்டம் இருக்க மாட்டாங்க கண்ணு” என்று சொன்னேன்.

“அப்ப போடறவங்களுதை மட்டும் எடுக்கலாமில்ல?”

“அதக் கண்டுபுடிக்கற மிசினு இன்னும் வரலீடா” என்றான் முருகேசு. பையன் சிரித்துவிட்டான். எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. அறுபது ரூபாய்க்கு ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்கிக்கொண்டு ஏறினோம்.

பர்லியாறு தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து ஏறிய எங்களுக்காக, மேலிருந்து இறங்கிய பெரிய பஸ் ஒன்று ஓரம் கட்டி நின்றது. அவ்வளவு பெரிய வண்டி நமக்காக நிற்கிறதே என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம். “மலையில ஏறற வண்டிக்குத்தான் மொத வழி. ஏத்தத்துல நிறுத்துனா மறுக்கா கெளப்பறது கஷ்டம். எறங்கறவன் நின்னு கெளம்பிக்கலாம்” என்றான் முருகேசு. “பாத்தயா, சட்டம்” என்றேன் யாழினியிடம். “அவரு நின்னது சட்டத்துக்காகவாப்பா, நம்ம கஷ்டம் தெரிஞ்சதுனாலயா?” என்று திருப்பிக் கேட்டாள். அந்த பஸ் டிரைவரிடம் கேட்டிருந்தால்தான் தெரியும். கையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதரை மணிக்குக் குன்னூர். டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வயிற்றுக்குப் போனபின் உலகமே அழகாகிவிட்டது. அருவங்காட்டில் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து ஆட்கள் ஸ்வெட்டரும் டிபன் பையுமாகச் சாலை ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். ஊட்டிக்குள் போகாமல் மஞ்சூர் ரோட்டுக்குத் திரும்பினோம். இரண்டு பக்கமும் தேயிலை. சீப்பு வைத்து வாரிவிட்ட தலை மாதிரி மலை முழுக்க ஒரே வகிடு வகிடாக இருந்தது. இப்படிச் சொன்னது கவின், நான் எழுதிக்கொள்கிறேன்.

அங்கே ஒரு காய்கறி வேன்காரர் எங்களை நிறுத்தி, முன்னால் மெயின் ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதாகவும் அறுத்து எடுக்க மாலை ஆகிவிடும் என்றும் சொன்னார். “எஸ்டேட் ரோட்டுல போயிருங்க. நடுவுல கொஞ்சம் சரிஞ்சு கெடக்குது. அங்க மட்டும் அவங்க சொல்றபடி போங்க.” யார் அந்த ‘அவங்க’ என்று கேட்பதற்குள் வேன் போய்விட்டது.

பன்னிரண்டு மணி இருக்கும், அந்த இடத்துக்கு வந்தோம். மழையில் ரோட்டின் பாதி பள்ளத்தாக்குக்குள் போயிருந்தது. மீதிப் பாதியில் ஒரு வண்டி போகலாம். எதிரில் இன்னொன்று வந்தால் ஒதுங்க இடமில்லை. அரைக் கிலோமீட்டருக்கு மேல் அப்படியே மலையைச் சுற்றி வளைந்து போகிறது. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. போனில் சிக்னல் இல்லை. போலீஸ் இல்லை, விளக்கு இல்லை, கயிறுகூடக் கட்டவில்லை. ஆனால் எங்களுக்கு முன்னால் ஐந்து வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன.

சிறிது நேரத்தில் எதிரிலிருந்து நாலு வண்டிகள் வந்தன. கடைசியாக வந்த ஜீப்பின் டிரைவர் எங்கள் வரிசையை ஒட்டியபடி வந்து, கடைசியில் நின்ற எங்களிடம் நிறுத்தினார். ஜன்னல் வழியாக என் கையில் ஒரு கொம்பைக் கொடுத்தார். கை நீளம் இருக்கும். பட்டை உரித்த சில்வர் ஓக் மரக்கிளை. பிடி வழவழவென்று இருந்தது. நுனியில் சிவப்புத் துணி.

“கடசி வண்டி நீங்கதானுங்களே? புடிங்க. அந்தப் பக்கம் நிக்கறதுல கடசி வண்டிக்குக் குடுத்துருங்க. கொம்பு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கத்து வண்டிதான் உள்ள போகோணும். அவ்ளோதானுங்க சட்டம்.”

“எந்த ஆபீஸ் போட்ட சட்டமுங்க?” என்றேன்.

“ஆபீஸா!” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பெருமை. கொம்பை வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போன வண்டிகளின் பின்னே ஊர்ந்தோம். வலது பக்கம் பள்ளம். கவின் கண்ணை மூடிக்கொண்டான். பாதி தூரம் போயிருப்போம், பின்னால் ஒரு மோட்டார் பைக் சத்தம். தலைக்கவசம் போட்ட இரண்டு இளைஞர்கள், காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள். விவரம் தெரியாமல் எங்களைப் பின்தொடர்ந்து உள்ளே வந்துவிட்டார்கள்.

இங்கேதான் பிள்ளைகளே, என் மூளை வேலை செய்தது. கடைசி வண்டியிடம் கொம்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது கடைசி வண்டி நாங்கள் இல்லையே!

“முருகேசு, நிறுத்து.”

“எதுக்குங்ணா?”

“கொம்ப அவங்ககிட்டக் குடுத்தறேன்.”

“உங்க கையிலயே இருக்கட்டுமுங்ணா. எல்லாரும் ஒண்ணாத்தானே போறோம்.”

“சட்டம்னா சட்டம்” என்று இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டேன். “தம்பி, நீங்கதான் கடைசி. இத அந்தப் பக்கம் குடுத்துருங்க.” பின்னால் இருந்தவன் இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினான். எனக்குத் திருப்தி. முனை வருவதற்குச் சற்று முன்னால் ரோடு அகலமாகிறது. அங்கே பைக் எங்களையும் முன்னால் போன ஐந்து வண்டிகளையும் தாண்டி, ஒரு டீக்கடையையும் தாண்டி, வளைவில் மறைந்தது. பின்னால் இருந்தவன் முதுகில் சிவப்புத் துணி பறந்தது மட்டும் தெரிந்தது.

அந்த முனையில் டீக்கடை முன்னால் வண்டிகள் நின்றன. முதலில் ஒரு வெள்ளைக் கார், பிறகு மினி பஸ், கேரட் ஏற்றிய சரக்கு ஆட்டோ, கடைசியில் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி. பாதி வழியில் நின்றுபோனால் மற்றவர்கள் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று லாரியை எப்போதும் கடைசியில்தான் விடுவார்களாம். லாரி டிரைவர் பெள்ளியண்ணன், அந்த மலையின் படுகர் இனத்துக்காரர். நரைத்த மீசை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி காத்திருந்தார்.

“கொம்பு?”

“பைக்ல போன தம்பிகள்ட்ட குடுத்தேனுங்க. அவங்கதான் கடைசியா வந்தாங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. “எந்த பைக்கு?” என்றவர், ரோட்டின் வளைவைப் பார்த்தார். “அதா? அது இந்நேரம் மஞ்சூரே போயிருக்குமே!”

டீக்கடைக்காரர் ராணியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கடைக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை. அன்று காலையில் பறித்த இலை அந்த லாரியில்தான் இருந்தது. தொழிற்சாலை நாங்கள் வந்த பக்கத்தில். பறித்த இலை மூட்டைக்குள் நேரம் கடந்தால் சூடாகிச் சிவந்துவிடும். தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள். என் கையைப் பிடித்து மூட்டைக்குள் நுழைத்தார். காய்ச்சல் வந்த பிள்ளையின் வயிறு மாதிரி இருந்தது.

“ஏனுங்ணா, கொம்பத் தொலைச்சுப்போட்டு இப்படி அமைதியா நிக்கறீங்களே” என்றார். திட்டினாரா கேலி செய்தாரா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: “ரோடு சரிஞ்ச மொத வாரமே நடுவுல ரெண்டு வண்டி முட்டிட்டு நின்னு அடிதடி. அடுத்த நாளே கவர்மெண்ட் ரோடு சூப்பர்வைசர் தார் டிரம்ம வெச்சு வழிய அடைக்க வந்துட்டாரு. நாங்க கேட்டுக் கெஞ்சி, இந்தக் கொம்ப ஏற்பாடு பண்ணோம். ‘இன்னொருக்கா நடுவுல வண்டி முட்டி நின்னுச்சுன்னா அன்னிக்கே அடைச்சிருவேன், தடுப்புச் சுவர் கட்டி முடிக்கற வரைக்கும் தொறக்க மாட்டேன்’னுட்டுப் போயிருக்காரு. அடைச்சுட்டா எங்க இலைக்கு லாரியே வராது. சுத்து வழியில வந்தா டீசலுக்குக் கட்டாது. செடி இருக்கும், இலை இருக்கும், போக வழியிருக்காது.”

வெள்ளைக் கார்க்காரர் பொறுமை இழந்துவிட்டார். குன்னூரில் மத்தியான மலை ரயிலுக்குக் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்திருந்தார், பாவம். “எதுக்க ஒண்ணும் வரலையே. என் வண்டி, என் உசுரு. நான் போறேன்” என்று இன்ஜினைக் கிளப்பினார்.

“போங்க சார், யாரும் கையப் புடிக்க மாட்டோம்” என்றார் ராணியக்கா. “உங்க உசுரு உங்களுதுதான். எதுக்க வர்றவன் உசுரு யாருது? அப்படியே வந்தாலும் வளைவுல ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமில்ல? பள்ளம் உங்க வீட்டம்மா உக்காந்த பக்கம்.”

கார்க்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். இன்ஜின் அணைந்தது.

மினி பஸ் கண்டக்டர், “இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? மரமா இல்ல? இன்னொரு கொம்பு ஒடிச்சாப் போச்சு” என்றார்.

“நீ ஒண்ணு ஒடி. அந்தப் பக்கம் காத்துட்டு நிக்கறவன் கொம்பு வரலீன்னு அவன் ஒண்ணு ஒடிப்பான். பைக்ல போன கொம்பு எவன் கையிலயாவது திரும்பி வந்தா அது மூணாவது” என்றார் பெள்ளியண்ணன். “ஆளாளுக்கு ஒடிச்சா அது கொம்பா? வெறும் வெறகு.”

ராணியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். துணியை அளந்து பார்க்கும்போது நான் பார்ப்பேனே, அது மாதிரி ஒரு பார்வை.

“இவரே கொம்பா இருக்கட்டும்” என்றார். “ஆளு ஒண்ணுதான். யாராலயும் ரெண்டா ஒடிக்க முடியாது.”

சிரிப்பு வெடித்தது. கடையின் சிவப்புத் திரையில் ஓரம் கிழித்து என் கையில் கட்டினார். கடைசி வண்டியில் நான் ஏறிப் போக வேண்டும். அங்கே நிற்கிறவர்களிடம் விவரம் சொல்ல வேண்டும். அவர்களுடைய கடைசி வண்டியில் ஏறித் திரும்பி வர வேண்டும். நான் இருக்கும் பக்கத்து வண்டிதான் உள்ளே போகலாம். கவின் ஓடி வந்து, “எங்கப்பா கொம்பு! எங்கப்பா கொம்பு!” என்று குதித்தான். பிள்ளைகளை முருகேசுவோடு அங்கேயே விட்டுவிட்டு லாரியில் ஏறினேன்.

வெள்ளைக் கார், மினி பஸ், கேரட் ஆட்டோ எல்லாம் முன்னால் போக, எங்கள் லாரி முக்கிக்கொண்டே பின்னால் போனது. பச்சை இலை வாசம் மூக்கை நிறைத்தது. “மனசுல வெச்சுக்காதீங்க” என்றார் பெள்ளியண்ணன். “உங்கள மாதிரி சட்டம் பாக்கற ஆளத்தான் எனக்குப் புடிக்கும். ஆனா சட்டம் எதுக்குன்னும் கொஞ்சம் பாக்கோணும்.” அவர் கண் ரோட்டிலேயே இருந்தது.

மறுமுனையில் என்னை இறக்கிவிட்டு லாரி தொழிற்சாலைப் பக்கம் போனது. இலை தப்பித்தது. அங்கே இரண்டு பிக்கப் வேன்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு அரசாங்க ஜீப். கொம்பு தொலைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வரிசையை விட்டு விலகி முன்னால் வந்தது. எனக்கு என்ன தைரியம் வந்ததோ, கையைக் காட்டினேன்.

“முன்னாடி போகக் கூடாதுங்க. நீங்கதான் கடைசி வண்டி. உங்க வண்டியிலதான் நான் ஏறோணும்.”

முன் சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். “நீங்க யாரு?”

“கொம்புங்க.”

பிக்கப்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

“இந்த ஊரா?”

“திருப்பூருங்க.”

அவர் என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். அவர்தான் அந்த சூப்பர்வைசர் என்று பிக்கப்காரர் ஒருவர் என் காதில் சொன்னதும், நீட்டிய கையை இறக்கிக்கொண்டேன். “ஏறுங்க” என்றார் சூப்பர்வைசர். ஜீப் பின்னால் ஒதுங்கியது. பிக்கப் வேன்கள் இரண்டும் முன்னால் போயின. நாங்கள் கடைசியாகக் கிளம்பினோம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். “விதிப்படி பாத்தா இந்த ரோட்ட எப்பவோ அடைச்சிருக்கணும். ஏதாச்சும் ஆனா நான்தான் பதில் சொல்லணும். இவங்க முகத்தப் பாத்து விட்டு வெச்சிருக்கேன்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே அடைத்திருப்பேன்.

ஒரு மடிப்பில் ரோடு வெளிப்பக்கம் திரும்பும்போது, பள்ளத்துக்கு அப்பால் டீக்கடை கொஞ்ச நேரம் தெரிந்தது. புதிதாக ஏழெட்டு வண்டிகள் வந்து நின்றன. அவற்றின் முன்னால் அந்தப் பைக். ஒருவன் கையில் கொம்பு. சிவப்புத் துணி காற்றில் ஆடியது.

“அதுதானே கொம்பு?” என்றார் சூப்பர்வைசர்.

“ஆமாங்க.”

“கொம்பு அந்தப் பக்கம் இருக்கு. அப்ப அவங்க கிளம்பலாம். அதானே உங்க சட்டம்?”

அவர் சொன்னது சரி. சட்டப்படி அவர்கள் இப்போதே உள்ளே வரலாம். முன்னால் இரண்டு பிக்கப், பின்னால் நாங்கள், நடுவில் எதிரே வருவது தெரியாத வளைவு. மலை மறுபடி டீக்கடையை மறைத்துக்கொண்டது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். சூப்பர்வைசர் வாய்க்குள் சொன்னார்: “இன்னிக்கே டிரம்மு வெச்சிருவேன்.”

நான் ராணியக்காவின் செடிகளை நினைத்தேன். அவற்றுக்கு என்ன தெரியும், அவை பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டு இருக்கும்.

கடைசி வளைவு திரும்பியது. ரோடு காலியாக இருந்தது.

டீக்கடை முன்னால் எட்டு வண்டிகளும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ராணியக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொம்பு அவர் மடியில் குறுக்கே கிடந்தது. அதன் ஒரு நுனியை என் மகன் பிடித்துக்கொண்டிருந்தான். பைக் தம்பிகள் இருவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன்கள் மாதிரி டீ கிளாஸோடு நின்றார்கள்.

“கொம்பு அப்பவே வந்துருச்சுங்ணா” என்றார் ராணியக்கா. “ஆளு வரலியே. ஆளு வராம எப்படி உடறது?”

“யாரும் கெளம்பலையா?” என்று சூப்பர்வைசர் கேட்டார்.

“கொம்பு இருக்குதே போலாமில்லன்னு ரெண்டு பேரு கேட்டாங்க சார். இந்தப் புள்ள” என்று யாழினியைக் காட்டினார், “‘எங்கப்பா உள்ள இருக்காரு’ன்னுச்சு. அதுக்கப்புறம் யாரும் கேக்கல.”

அன்று அந்த இடத்தில் அவர்களைப் பிடித்து நிறுத்த ஒருவரும் இல்லை. கையில் உரிமையும் இருந்தது. என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

பைக் தம்பிகளில் ஒருவன் என்னிடம் வந்தான். “சாரி அங்கிள். ஏதோ கோயில் கொம்புன்னு நெனச்சோம். நீங்க அவ்ளோ பக்தியா குடுத்தீங்களா, வேண்டாம்னு சொல்ல மனசு வரல.” வழியில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அவன் முதுகில் சிவப்புத் துணியைப் பார்த்து, “கொம்பு! கொம்பு!” என்று கத்த ஆரம்பித்தார்களாம். ஒரு தோட்டம் முடிந்தால் அடுத்த தோட்டத்தில் கத்தினார்கள். “மலையே துரத்துன மாதிரி இருந்துச்சு அங்கிள். திரும்பிட்டோம்.”

சூப்பர்வைசர் டீ குடித்தார். பன்னிரண்டு ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார். ராணியக்கா வேண்டாம் என்றார், அவர் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது, “அடுத்த மழைக்கு முன்னாடி சுவர் வேலை ஆரம்பிச்சிரும்” என்றார். பிறகு ஒரு நொடி நின்று, “அதுவரைக்கும் கொம்ப வெளியூர்க்காரங்ககிட்டக் குடுக்கறப்ப கொஞ்சம் வெவரமாச் சொல்லிக் குடுங்க” என்றார். டிரம்மைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஜீப் மறையும் வரைக்கும் பொறுத்திருந்த ராணியக்கா, அதன் பிறகுதான் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார். என் கையில் இருந்த துணியை அவிழ்க்க வந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் குந்தா போய்ச் சேர்ந்தோம். கதையைக் கேட்டுப் பெரியம்மா, “தையல் போட்ட கண்ணு, சிரிக்க வெக்காதீங்க மாப்ள” என்று கெஞ்சினார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “ஊட்டுல ஒரு வேலை சொன்னா ஏன், எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பீங்க. அங்க மட்டும் கேக்காமக் குடுத்தீங்களாக்கும்” என்றாள்.

சனிக்கிழமை அணைக்கட்டைப் பார்த்தோம். ராட்சசக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குகின்றன. அந்தத் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். கவின் குழாயை எண்ண ஆரம்பித்துப் பாதியில் தூங்கிவிட்டான். பெரியம்மா வீட்டுக்குத் திரும்பியதும் யாழினி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பட்டிமன்றப் பேச்சை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அந்தக் கொம்பு எந்தப் பக்கம்ப்பா? சட்டத்துப் பக்கமா, சுதந்திரத்துப் பக்கமா?”

யோசித்துப் பார்த்தேன். கொம்பு ஒரு சட்டம்தான். ஆனால் அதை மீறினால் பிடித்துப் போக ஆள் இல்லை. நான் அதை எழுத்துக்கு எழுத்து மதித்தேன், அது தொலைந்தது. அவர்கள் கையில் அது இருந்தும் ஒதுக்கி வைத்தார்கள். எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். அதற்காகக் கொம்பே வேண்டாம் என்று விட முடியுமா? முதல் வாரம் கொம்பு இல்லாதபோது அதே ஆட்கள்தான் அடித்துக்கொண்டார்கள். “எனக்குத் தெரியல கண்ணு. ஆனா நீ தோக்கற பக்கம்னு சொன்னேனே, அதத் திருப்பி வாங்கிக்கறேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மெயின் ரோடு திறந்திருந்தது. பிள்ளைகள் கேட்கவில்லை, எஸ்டேட் ரோட்டில்தான் போக வேண்டும் என்றார்கள். டீக்கடையில் ராணியக்கா என்னைப் பார்த்ததும், “கொம்பு வந்துருச்சு!” என்று ரோட்டுக்கே கேட்கக் கத்தினார். எதிரிலிருந்து வந்தவர் கொம்பைக் கொடுத்தபோது கடைசி வண்டி எங்களுடையதுதான். யாழினி மடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மறுமுனையில் அவளே இறங்கிப் போய், கடைசியில் நின்ற வண்டிக்காரரிடம் விவரமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மலை இறங்கினோம். திரும்பும்போது சாவடியில் கவின் ஸ்டீல் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். அதே பெண் காவலர் சல்யூட் அடித்தார். வெக்கை ஏறியது. ஸ்வெட்டர்கள் பைக்குள் போயின.

நம் தெரு முனைக்கு வரும்போது மாலை ஆறு மணி. உங்களுக்குத்தான் தெரியுமே அந்த இடம். தண்ணீர் லாரி ஒரு பக்கம், கம்பெனி வேன் ஒரு பக்கம், நடுவில் இரண்டு ஆட்டோக்கள். மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். யாரும் ஒரு அடி பின்னால் போகவில்லை. முருகேசுவும் பழக்க தோஷத்தில் ஹாரனில் கையை வைத்தான்.

“அப்பா” என்றான் கவின். என் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தச் சிவப்புத் துணியை எடுத்து நீட்டினான். “எறங்குங்க.”

“அடேய், இது நம்ம ஊரு. யாரு கேப்பாங்க?”

“அங்க மட்டும் உங்கள யாருக்குத் தெரியுமாம்?” என்றாள் யாழினி.

துணியைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.